கண்ணீர் மேல் ஓர் எண்ணெய்ப் படலம்: மரக்காணம் உப்பளத்தில் ஒரு பகல்

2005 மே மாதம் மரக்காணம் போனதற்கு உப்பளம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் என் கண்கள். ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். மாதக்கணக்கில் கண்ணீர் வடிந்து, வேலையையே விட்டுவிடலாமா என்ற நிலைக்கு வந்திருந்தேன். மருத்துவரோ "கண் வறட்சி" என்றார். தண்ணீர் கொட்டுகிற கண்ணுக்கு வறட்சியா? ஒன்றும் புரியவில்லை. "மானிட்டர விட்டுட்டு ரெண்டு நாள் எங்க ஊருக்கு வா" என்றாள் தோழி மும்தாஜ். சென்னையில் கண் பரிசோதகராக இருக்கிறாள்; சொந்த ஊர் கூனிமேடு.

காலை ஆறு மணிக்குக் கோயம்பேட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பஸ். மரக்காணம் சுமார் 120 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஜன்னலோரம் உட்காராதீர்கள், காற்றில் கண்ணீர் வடிந்து இறங்கும்போது என் துப்பட்டா நனைந்திருந்தது.

சாலையை ஒட்டியே உப்பளம். சுனாமியில் உடைந்த வரப்புகளைத் திரும்பக் கட்டி, பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வெள்ளையை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அங்கே சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார் மும்தாஜின் தாய்மாமன்; 'மாமு' என்று கூப்பிடுவாள். அவரிடம் வேலை செய்யும் செல்வி, முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா ஆச்சு?" என்று மும்தாஜ் குனிந்தாள்.

"எரியுதும்மா, தண்ணியா கொட்டுது. மெடிக்கல்ல குடுத்த சொட்டு மருந்த ஊத்துனா ரெண்டு நாள் நல்லா இருக்குது, திரும்ப வந்துடுது. கண்ணு போயிடுமா? ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க எனக்கு."

மும்தாஜ் கையைக் கழுவிக்கொண்டு, சின்ன டார்ச்சை அடித்து, செல்வியின் கீழ் இமையை மெல்ல அழுத்தினாள். இமை விளிம்பில் பற்பசை மாதிரி கெட்டியாக ஏதோ வந்தது. "இது எண்ணெய் மாதிரி தெளிவா வரணும்க்கா. கண்ணீர் மேல அந்த எண்ணெய் மெல்லிசா படர்ந்தாத்தான் கண்ணீர் நிக்கும். இல்லன்னா சட்டுனு ஆவியாயிடும். கண்ணு காஞ்சு எரியும், எரிச்சல் தாங்காம இன்னும் தண்ணிய கொட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கும் இதேதான்" என்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"கண்ணுல எண்ணெயா?" செல்விக்கு நம்பிக்கையில்லை.

கேட்டுக்கொண்டிருந்த மாமு ஒரு பாத்தியைக் காட்டினார். "தண்ணி எறைக்கிற இன்ஜின்ல டீசல் ஒழுகி அதுல படர்ந்துடுச்சு. பக்கத்துல எல்லாம் உப்பு எறங்கிடுச்சு, இதுல தண்ணி அப்டியே நிக்குது."

"அதேதான் மாமு!" மும்தாஜ் துள்ளிவிட்டாள்.

"எனக்குக் கெடுதி பண்றது கண்ணுக்கு நல்லதாம்மா?" என்று அவர் கேட்க, செல்வியும் சிரித்துவிட்டார்.

ஆனால் மும்தாஜ் சிரிக்கவில்லை. செல்வி முடிந்து வைத்திருந்த மருந்துக் குப்பியை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கு, இனிமே ஊத்தாதீங்கக்கா. டாக்டர் கண்டிப்பா பார்க்கணும்" என்றாள். திங்கட்கிழமையே செல்வியைத் தன் மனைவியோடு புதுச்சேரிக்கு அனுப்பி வைப்பதாக மாமு ஒப்புக்கொண்டார்.

மாலையில் கூனிமேட்டில் மும்தாஜின் அம்மா வெந்நீரில் துணி நனைத்துத் தர, மூடிய இமைகள் மேல் வைத்துக்கொண்டேன். கைக்குப் பொறுக்கும் சூடு. ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும், கண்ணுக்கே தெரியாத ஒரு படலத்தை இமை புதிதாகப் பூசிக்கொண்டே இருக்கிறது. பிறந்ததிலிருந்து நடக்கும் இந்த வேலையை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

தினமும் அந்த ஒத்தடம், இமை சுத்தம். இரண்டு மாதத்தில் எழுத்துகள் கலங்குவது குறைந்தது. முழுசாகப் போய்விடவில்லை; வேலையில்தான் இருக்கிறேன்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, இந்த ஏப்ரலில் மறுபடி போனேன். செல்வி உப்பு வாரிக்கொண்டிருந்தார். கடை மருந்தால் கண் அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்ததாம். சரியான நேரத்தில் நிறுத்தியதால்தான் தப்பியது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "இன்னும் கொஞ்ச நாள் ஊத்தியிருந்தா கண்ணு அவ்ளோதான்னாரு" என்றார் செல்வி.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பக்கவாட்டில் காற்று புகாத கறுப்புக் கண்ணாடி, தொப்பி, தண்ணீர் அவசியம். வேலை நடக்கும் பாத்தியில் கேட்காமல் இறங்க வேண்டாம். கண் எரிந்தால் கடையில் கேட்டு மருந்து ஊற்றாதீர்கள்.

அந்த ஏப்ரல் நாளில் பஸ்ஸுக்குப் புறப்படும்போது கடற்காற்று வேகமெடுத்தது. பின்னாலிருந்து செல்வி கத்தினார்:

"கண்ண சிமிட்டிக்கினே போங்க!"

உப்பளமே திரும்பி என்னைப் பார்த்தது. எல்லார் முன்னாலும் சிமிட்டிக்கொண்டே நடந்தேன்.