நேராப் பாரு

என் தங்கச்சிக்குப் பார்வை குறைவு. எதைப் பார்ப்பதென்றாலும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால்தான் பார்ப்பாள். ஊரில் அதற்குத் திமிர் என்று பேர் வைத்திருந்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஒரே அறை. அவள் நாலாவது, நான் ஐந்தாவது. பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று அந்த வருடம் திருச்செங்கோட்டில் ஐந்து நாள் பயிற்சி போட்டார்கள். பள்ளிக்கு ஓர் ஆசிரியர் வரவேண்டும் என்று உத்தரவு. எங்கள் டீச்சர்தானே போயிருக்க வேண்டும்? தலைமையாசிரியர் டிரில் வாத்தியாரை அனுப்பினார். டீச்சர் போனால் போர்ஷனை யார் முடிப்பது, இவர் சும்மாதானே இருக்கிறார்! போனவர் ஒரு பையும் சான்றிதழுமாகத் திரும்பி வந்தார். ஐந்து நாளில் அவர் கற்றுவந்தது இவ்வளவுதான்: "முன்னால உக்கார வெச்சு, பக்கத்துல ஒரு ஆளப் போட்டாப் போதுங்க டீச்சர்."

அந்த ஆள் நான். "புள்ள நேராப் பாக்குதான்னு கவனிச்சுக்க சாமி," என்றார் டீச்சர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதவி அல்லவா! அவள் முகம் திரும்பும்போதெல்லாம் தாடையைப் பிடித்து நேராக்கினேன்.

"நேராப் பாத்தா எழுத்து மறைஞ்சு போகுதுக்கா," என்பாள். டீச்சரிடம் சொன்னேன். "படிக்காம இருக்க என்னென்ன சாக்கெல்லாம் கண்டுபுடிக்குது பாரு," என்று சிரித்தார். வகுப்பே சிரித்தது. முழுப்பரீட்சைக்குள் அவள் நேராகப் பார்க்கப் பழகிவிட்டாள். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் வாயே திறக்கமாட்டாள். மண்டு என்று முடிவுகட்டி எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள்.

இப்போது நானும் டீச்சர். போன மாதம் எனக்கும் அதே பயிற்சி. முதல் நாளே பயிற்சி கொடுத்தவர் சொன்னார்: "சில பிள்ளைகளுக்கு நடுவுல தெரியாது, ஓரத்துலதான் தெரியும். அதனால தலையத் திருப்பித்தான் பார்ப்பாங்க. தயவுசெஞ்சு முகத்தப் புடிச்சு நேராக்காதீங்க."

முதல் மணி நேரத்தில்! அதற்குள் டீ கூட வந்திருக்கவில்லை. அந்த டிரில் வாத்தியார், பாவி மனுசன், இதைக் கேட்கவேயில்லையா, இல்லை, கேட்டுவிட்டு நேராக மைதானத்துக்குப் போய்விட்டாரா? எனக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் செல்போனில் புடவை பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கி மேசையில் கவிழ்த்தேன்.

மதியம் ஜேடர்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கச்சிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதக் கத்துக்கறதுக்கு அஞ்சு நாளா?" என்றாள். "உங்கிட்ட தெனமும் சொன்னனேக்கா."

சொன்னாள்தான். தன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைத்தான் அவள் சொல்கிறாள் என்பது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை. சொன்ன ஒவ்வொரு தடவையும், டீச்சருக்குத் தெரியாமல் தொடையில் கிள்ளியிருக்கிறேன்.