கேமிங் கம்ப்யூட்டருக்குத் தைத்த உறை

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓடாத வீடு குறைவு. பஞ்சுத் தூசி எந்நேரமும் பறக்கும். அதனால் மிக்ஸி, டிவி, தையல் மெஷின் என்று எதைக் கண்டாலும் உறை போட்டுவிடுவோம். புதிதாக வந்த கேமிங் கம்ப்யூட்டருக்கும் என் தறித் துணியையே பல மடிப்பாக மடித்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து நானே உறை தைத்தேன். விளையாடும்போதும் அதைக் கழற்றுவதில்லை. காயத்துக்குக் கட்டுகிற துணிதானே, காற்றுப் போகாமலா இருக்கும் என்று ஒரு நினைப்பு.

நாற்பது தாண்டியவனுக்குக் கார் ஓட்டுகிற விளையாட்டு எதற்கு என்று கேட்காதவர்கள் கிடையாது. கேட்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகக் கம்ப்யூட்டர் கடை போட்டிருக்கும் என் மனைவியின் தம்பிதான் இந்தக் கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்தான். ஆரம்பத்தில் கார் பறக்கும். கொஞ்ச நேரத்தில் படம் திக்க ஆரம்பிக்கும். நான் வளைவில் திருப்பினால் அது யோசித்துத் திரும்புவதற்குள் சுவரில் மோதியிருப்பேன். டிரைவர் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தேன், விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன், படத்தின் தரத்தைக் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

போனில் மச்சினனைப் பிடித்தேன். "சூடு எம்புட்டுக் காட்டுது அத்தான்?" என்றான்.

"எனக்கே பாடம் எடுக்கியோ?" என்று வைத்துவிட்டேன். படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டில் பழையதை என் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவும் செய்துகொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எப்போது நின்றிருக்கிறது? செட்டியார்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் என் பெரியப்பா மகன். தன் மில் ஆபீசுக்கு என் மச்சினனிடம் கம்ப்யூட்டர்கள் வாங்கப் போவதாகச் சொன்னார். "வேண்டாம்ணே. பழசைப் புதுசுன்னு விக்கான்" என்றேன், ரசத்துக்குக் கையைக் குவித்துக்கொண்டே. அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். மச்சினனின் கடைக்கு வரவிருந்த முதல் பெரிய ஆர்டர் அது.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவி அந்த உறையை உருவித் துவைக்கப் போட்டாள். அது காயும்வரை விளையாடலாம் என்று உட்கார்ந்தேன். மத்தியானம்வரை ஓட்டியும் கார் ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. சந்தேகம் உறைமேல் போனது. காய்ந்த உறையை மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் திக்கியது. கழற்றினேன், ஓடியது. வேறு காரணம் ஏதாவது அகப்படாதா என்று மறுபடியும் மாட்டிப் பார்த்தேன். அகப்படவில்லை. மூக்கைப் பொத்தி வைத்துவிட்டு ஏன் ஓட மாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

அன்று சாயங்காலமே மச்சினன் வந்து நின்றான். பந்தியில் நான் சொன்னது அவன் காதுக்குப் போயிருந்தது. கையில் துண்டில் சுற்றிய ஒரு கிராபிக்ஸ் கார்டு. தன் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான்.

"இதை மாட்டிப் பாப்போம் அத்தான். இதுலயும் ஓடலைன்னா பொறவு பேசுங்க" என்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

உறையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "தப்பு கார்டுல இல்லைலே. இதுலதான். நான் தச்சது." அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அந்த அண்ணன்ட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க அத்தான்" என்றான்.

அவன் எதிரிலேயே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெரியப்பா மகனிடம் பேசினேன். உறை தைத்தது, சூட்டைப் பார்க்காதது, பந்தியில் உளறியது, ஒன்றையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"விடு தம்பி. பொண்டாட்டி தம்பியை விட்டுக்கொடுக்க ஏலுமா? வீட்டுல சங்கடம் வந்திரும்னு சொல்லுத. எனக்குப் புரியாதா?"

"இல்லண்ணே, நெசமாவே அவன் மேல..."

"சரி சரி. பழைய சாமான் விஷயத்தை நான் யார்ட்டயும் சொல்லல, போதுமா?" என்று வைத்துவிட்டார்.

மச்சினன் கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு செருப்பைத் தேடினான். நான் போனைக் கையில் பிடித்தபடி, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.