கதையில் பேசாத பெண்

இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். வேலம்பாளையம் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் ஒரு பழைய சிறுகதையை எடுத்துப் பேசுவோம். கேட்பவர்கள் எல்லோரும் பனியன் கம்பெனி ஆண்கள். அந்த வாரம் என் முறை. குடிகாரக் கணவனோடு கடைசிவரை வாழ்ந்து முடிக்கும் ஒரு மனைவியின் கதை. வீட்டில் அதை இரண்டு முறை உரக்க வாசித்துவிட்டு, "பொறுமைதான் இந்தக் கதையின் உயிர்" என்று பேசிப் பழகினேன்.

பனியனில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த என் தங்கை நிமிர்ந்தாள். ஆடிக்கு வந்தவள், புரட்டாசி பிறந்தும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

"ஏனுங்கண்ணா, கதை முழுக்க அந்தப் பொண்ணு ஒரு வார்த்தைகூடப் பேசலீங்களே. அது பொறுமைன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"உனக்கு இதெல்லாம் புரியாது கண்ணு" என்று சிரித்தேன்.

ஞாயிறன்று நல்ல கைதட்டல். மறுநாள் மாப்பிள்ளை வந்து நின்றார்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றேன்.

தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

"எம் புள்ளைக்கு எத்தன பொறுமை பாருங்க" என்று அம்மா பூரித்துப்போனார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. அப்போதாவது, போக இஷ்டமா என்று அவளைக் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய பையை நானே தூக்கிக்கொண்டு போய் இருவரையும் பல்லடம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, அதே பேச்சை மறுபடியும் பேசச் சொன்னார்கள். அந்தக் கதையை நான் இன்னும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.