ஜெராக்ஸ் பூபதியின் கோடு

சேலத்துக் கிளையிலிருந்து ஸ்ரீதேவியின் போன் வந்தபோது முற்பகல் பதினொன்றரை. பூபதி மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார். இடது கக்கத்தில் லேப்டாப், அதே கையில் மோர்ச் செம்பு, வலது கையில் சார்ஜரும் இரண்டு கொய்யாப்பழமும், தோளில் துண்டு, வாயில் பேனா. வெறுங்கையோடு படியேறுவது அவருக்கு ஆகாது. மேலே போகவேண்டியது எல்லாம் ஒரே நடையில் போய்விட வேண்டும். சட்டைப்பையில் போன் அடித்தபோது எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

“மூணாவது கை ஒண்ணு வெச்சுத்தான் விடோணும் உங்களுக்கு” என்று மஞ்சுளா வந்து போனை எடுத்துக் கணவர் காதில் வைத்தார்.

“அண்ணா, பாத்துட்டனுங்க. அந்தப் பெட்டியில உங்க கோடு ஏறவே இல்லீங்க.”

வாயிலிருந்த பேனா படிகளில் உருண்டு கீழே போனது. பூபதி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பரமத்தி வேலூரில் ‘ஜெராக்ஸ் பூபதி’ என்றால்தான் அவரைத் தெரியும். வேலை பெங்களூர்க் கம்பெனிக்கு, வீட்டு மாடியிலிருந்தே. மருத்துவமனைப் படுக்கையோரம் நின்று இதயத் துடிப்பைப் பச்சைக் கோடாக ஓடவிடும் மானிட்டர்களைச் செய்கிற கம்பெனி. அந்தப் பெட்டிக்குள்ளும் கம்ப்யூட்டரைப் போல ஓர் இயங்குதளம் உண்டு. அதன் அடியாழத்தில் இருப்பது கெர்னல். நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்தில் படியெடுத்து வைக்கிற சில வரிகள் அங்கே இருக்கின்றன. அவற்றைச் சீக்கிரம் ஓடவைப்பது பூபதியின் பிழைப்பு. ஒரு துடிப்பு திரைக்கு வந்து சேர்வதற்குள் அது பலமுறை இப்படிப் படியெடுக்கப்படுகிறது.

அக்கா வீட்டுக்காரர் கண்ணுசாமிக்கு இதை ஒருமுறை விளக்கப் போனார். கண்ணுசாமி வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்.

“ஒரு ரூம்ல இருக்கறதை இன்னொரு ரூமுக்குக் கொண்டுபோறதுங்க மாமா.”

“கொண்டுபோயிட்டா?”

“பழசு அங்கயே இருக்குமுங்க. இங்கயும் அதே மாதிரி ஒண்ணு வந்துரும்.”

“அட, ஜெராக்ஸுன்னு சொல்லு மாப்ள. அதுக்கு எதுக்கு இத்தனை சுத்து?”

இந்தப் பேச்சு ஊரில் பரவி, ஆதாரும் ரேஷன் கார்டுமாக ஆட்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். இல்லை இல்லை என்று சொல்லி அலுத்துப்போய், ஒரு தீபாவளிக்கு மெஷினையே வாங்கிப் போட்டுவிட்டார். காசு வாங்குவதில்லை. கார்டின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் விழவேண்டும் என்பதில் மட்டும் விடாப்பிடி.

பேச்சிலும் அதே சிக்கனம். சொன்னதைத் திருப்பிச் சொல்ல மாட்டார். “காப்பியே பண்ணாம முடிக்க முடியுமான்னு பாக்கறதுதானுங்க இந்த வேலையில மொதல் வித்தை” என்பார். “அதனாலதான் ஒரு நாளைக்காச்சும் எனக்கு ஒரு டம்ளர் காப்பி கலந்து குடுத்ததில்லையாட்ட இருக்குது” என்பார் மஞ்சுளா.

பழைய வரிகள் எட்டு எட்டு பைட்டாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. பூபதி அதை அறுபத்துநான்காக மாற்றினார். தலைச்சுமையாக ஒவ்வொரு வாழைத்தாராகக் கொண்டுபோகாமல் தள்ளுவண்டியில் அடுக்கித் தள்ளுகிற மாதிரி. அதில் ஒரு கண்ணி உண்டு. எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், இன்னும் எடுக்காததன் தலையிலேயே புதியது போய் விழும். அப்போது கடைசியிலிருந்து தொடங்கவேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதியிருந்தார். கம்பெனியும் சில மருத்துவமனைகளில் மட்டும் அதை ஏற்றிப் பார்க்கத் தொடங்கியது. எந்தெந்த மருத்துவமனை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா சாரதாமணிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பூபதியும் கண்ணுசாமியும் நின்றிருந்தார்கள். அக்கா தலைமாட்டில் இருந்தது பூபதி கம்பெனியின் பெட்டி. உள்ளே டாக்டரும் நர்ஸும் குனிந்திருக்க, ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு பாதித் திரையில் அப்படியே நின்றது. சற்று நேரத்தில் மறுபடி ஓடியது. அன்று சாயங்காலம் அக்கா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் கண்ணுசாமி ஒன்றையே சொன்னார். “நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சுங்க. அந்தக் கோடு சட்டுனு நின்னுருச்சுங்க.”

அவர் சொன்னது பச்சைக் கோட்டை. ஆனால் புரோகிராம் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதுவதையும் கோடு என்றுதான் சொல்கிறார்கள். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த பூபதியின் காதில் ஒவ்வொரு முறையும் தன் கோடுதான் விழுந்தது. துடிப்பைத் திரைக்குக் கொண்டுபோகிற வழியில் அது இடறியிருந்தால்? எச்சரிக்கை மணி அதனாலேயே பிந்தியிருந்தால்?

யாரிடமும் சொல்லவில்லை. ‘இன்னும் டெஸ்ட் பண்ணணும்’ என்று கம்பெனிக்கு எழுதி, ஏற்றிய இடங்களிலிருந்தும் தன் மாற்றத்தைத் திரும்ப எடுக்கச் செய்தார். எல்லா நீளத்துக்கும் எல்லா நினைவக முகவரிக்கும் அந்த வரிகளை ஓட்டிப் பார்த்தார். தப்பு ஒன்றும் அகப்படவில்லை. தப்பு இல்லை என்பதற்கும் இன்னும் அகப்படவில்லை என்பதற்கும் உள்ள தூரம் தெரிந்த மனிதர் அவர். தூக்கம் போனது. படுத்தால் அந்தக் கண்ணாடிக் கதவு வந்து நின்றது. சேலத்துக் கிளையில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற ஸ்ரீதேவியைக் கேட்டால் ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே மூன்று மாதம் ஓட்டினார். போன வாரம்தான் கேட்டார்.

“நல்லாப் பாத்தியா சாமி?” என்றார் படியில் உட்கார்ந்தபடி.

“பெட்டி வாங்குன அன்னைக்கு இருந்த பழைய வெர்ஷன்தானுங்கண்ணா. உங்க புதுசை ஏத்துன லிஸ்ட்டுல அந்த ஆஸ்பத்திரியே இல்ல.”

“அப்ப அந்தக் கோடு ஏன் நின்னுச்சு?”

“நர்ஸு ஃப்ரீஸ் பட்டனை அமுக்கியிருக்காங்க. டாக்டரு உத்துப் பாக்கறதுக்கு நிறுத்தறதுதானுங்களே. பெட்டியில பதிவாகியிருக்குது. அது வெறும் படம் நின்னதுங்க. உள்ளாற எல்லாம் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. மணியும் நேரத்துக்கு அடிச்சிருக்குது.”

அந்தப் பட்டனை அமுக்குவதும் அவர் வேலை பார்க்கிற கெர்னல் வழியாகத்தான் போகிறது. இத்தனை நாளில் அதன் ஞாபகம் அவருக்கு வரவில்லை.

மஞ்சுளாவிடம் விஷயத்தைச் சொன்னார். புரியாததால் இரண்டாம் முறையும் சொன்னார்.

“ஏனுங்க, மூணு மாசமா இதையவா முழுங்கிட்டுத் திரிஞ்சீங்க? நானு அக்காளை நெனச்சு உருகறீங்கன்னு இருந்தேன்.”

“அதுவுந்தான்.”

“எங்கிட்டச் சொன்னா என்ன, சோறாக்க மாட்டேன்னா சொல்லீருப்பேன்?” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “மொதல்ல மாமாவுக்குப் போனைப் போடுங்க.”

கண்ணுசாமி கொடிக்காலில் இருந்தார். தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது.

“மாமா, அந்த மெஷின்ல என் கோடு இல்லீங்க.”

“உன்ற கோடா? உன்ற கோடு அதுல எதுக்கு மாப்ள வருது? படுத்திருந்தது உங்கொக்கா. அது சாரதா கோடு.”

பூபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பட்டன் கதையைச் சொன்னார். மறுமுனையில் மோட்டாரை நிறுத்துவது கேட்டது.

“அப்ப, நின்னது படந்தானா? உள்ள ஓடிட்டுத்தான் இருந்துச்சா?”

“ஓடுச்சுங்க மாமா.”

“நானு அன்னிக்கு அந்தக் கதவைத் தட்டிச் சத்தம் போட்டிருக்கோணும்னு...” கண்ணுசாமி முடிக்கவில்லை. “சாப்பிட்டியா சாமி?” என்றார்.

“இல்லீங்க மாமா. பசிக்குது.”

பசிக்குது என்று அவர் வாயால் கேட்டு மஞ்சுளாவுக்கு வெகுநாளாயிற்று. அவசரமாகப் பருப்பைக் கழுவிக் குக்கரில் போட்டார். பூபதி சமையலறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்து, ஸ்ரீதேவி எந்த ஊர்ப் பெண், அவளுக்கு ஒரு சீப்புப் பழம் கொடுத்துவிட வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குரல் பாதியில் நின்றது. மஞ்சுளா திரும்பிப் பார்த்தபோது சுவரில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்.

குக்கர் ஒரு விசில் அடித்தது. அவர் அசையவில்லை. இரண்டாவதுக்கு இமை லேசாக ஆடி அடங்கியது. அந்தப் பருப்புக்கு மூன்று விசில் வேண்டும். மூன்றாவது அடிக்குமுன் மஞ்சுளா எட்டி அடுப்பை அணைத்தார். பருப்பு வேகவில்லை.