கண்டிக்கு அனுப்பிய கையெழுத்து

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் மூன்றாவது மகனின் பெண். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள், இன்னும் அங்கேதான். மகன் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன், வீட்டில் இருக்கும் நாள் குறைவு. ஆகவே பிள்ளையின் பாதுகாவலர் என்று எல்லாப் படிவத்திலும் கையெழுத்து வைத்தது நான்தான்.

கையெழுத்து என்றேன், கைநாட்டு இல்லை. யட்டவத்தப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் வயதுக்காரிகள் மையில் விரலை அமுக்கும்போது நான் பேனாவைக் கேட்டு வாங்குவேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். பெயரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊரை வாசிப்பேன், அவ்வளவுதான். இதையும் நான் சொல்லச் சொல்ல அந்தப் பேத்திதான் எழுதுகிறாள்.

அவள் பல் வைத்தியம் படிக்க ஆசைப்பட்டாள். கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்காருவதற்கே எனக்கு இத்தனை மாதம் பிடித்தது.

பதினோராம் வகுப்பில் எழுதுகிற ஓ எல் பரீட்சையில் ஒன்பது பாடமும் நன்றாகப் பாஸ் பண்ணினாள். அதோடு பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள், கலை, வர்த்தகம், கணிதம், விஞ்ஞானம் என்று. எங்கள் தோட்டப் பிள்ளைகள் அநேகமாகக் கலைக்குத்தான் போவார்கள். மற்றதில் ஆசை இல்லாமல் இல்லை. தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இருக்கிற பள்ளிக்கூடம் கொஞ்சம். மாத்தளை டவுனில் இவள் படித்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் இருந்தது. ஆனால் இரசாயனவியல் டீச்சர் மாற்றலாகிப் போய் இன்னொருவர் வந்து சேரவில்லை.

கண்டியில் என் தங்கை மகள் இருக்கிறாள். "இங்க பெரிய பள்ளிக்கூடம் இருக்கு பெரியம்மா, என் வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்றாள். எனக்கு அது போதும். இரசாயனவியல் பாதிக் காரணம். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நின்று, "என் பேத்தி கண்டியில படிக்கிறா" என்று சொல்ல வேண்டும் என்பது மறுபாதி.

மாத்தளைப் பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம் வாங்கப் போனேன். பிள்ளை வெளியே நின்றாள். உள்ளே அதிபரும் நானும் மட்டும்.

"அம்மா, அவசரப்படாதீங்க. கெமிஸ்ட்ரிக்கு ஆள் கேட்டிருக்கோம். இங்க படிச்சா யுனிவர்சிட்டி கம்பஸுக்கு எடுக்கும்போது மாத்தளை மாவட்டம். அங்க போய்ப் படிச்சா பிள்ளைக்குக் கண்டி மாவட்டம். அங்க போட்டி கூட. வெளங்குதுங்களா?"

விளங்கவில்லை. எங்கள் வீடு மாத்தளை, வோட்டு மாத்தளை. பிள்ளை பிறந்தது மாத்தளை ஆஸ்பத்திரியில். ரெண்டு வருடம் பக்கத்து ஊரில் படித்தால் எப்படி மாவட்டம் மாறும்? நல்ல பிள்ளையை விட மனமில்லாமல் பேசுகிறார் என்று நினைத்தேன். "சார், இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே.

"எல்லாம் வெளங்குது சார். பேனாவக் குடுங்க" என்றேன்.

அவர் சொன்னதை வெளியே வந்து பிள்ளையிடமும் சொல்லவில்லை.

ரெண்டு வருடத்துக்கு மேல் கண்டியில் இருந்தாள். பகலில் பள்ளிக்கூடம், பின்னேரம் டியூஷன், சனி ஞாயிறு முழுக்க டியூஷன். மாதத்துக்கு ஒரு தரம் வருவாள், கண்ணெல்லாம் குழி விழுந்து. பீலியடியில் என்னைச் சீண்டுவார்கள்: "என்னக்கா, ஒங்க டாக்டரம்மா எங்க பல்லெல்லாம் விழுந்து முடிஞ்ச பொறகுதான் வருவாங்களா?" நானும் விடமாட்டேன்: "ஒனக்கு இருக்கிற ரெண்டு பல்லுக்கு எதுக்குடி டாக்டரு?"

பதின்மூன்றாம் வகுப்பு முடிய எழுதிய ஏ எல் பரீட்சை முடிவு வந்தது. ரெண்டு ஏ, ஒரு பி. பால்சோறு பொங்கினேன். ஏ, பி எல்லாம் ஊருக்குச் சொல்லத்தான், கம்பஸுக்கு இசட் புள்ளி என்று வேறொரு இலக்கம் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் கேள்விப்பட்டேன். எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசையாக எழுதி அனுப்ப வேண்டும். பிறகு மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். கடைசியில் கொழும்பிலிருந்து ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வெட்டுப்புள்ளி போடுகிறார்கள். அதற்கு மேலே நின்றால் உள்ளே, கீழே நின்றால் வெளியே.

வெட்டுப்புள்ளி வந்த அன்றைக்கு மகன் வீட்டில் இருந்தான். போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அம்மா, பல் வைத்தியத்துக்கு மாத்தளை வெட்டுப்புள்ளிக்கு மேல இருக்கா. கண்டிக்குக் கீழ போயிட்டா."

"நாமதான் மாத்தளையாச்சே?"

"ஊட்டப் பாக்க மாட்டாங்களாம். படிச்ச பள்ளிக்கூடத்தத்தான் பாப்பாங்களாம்."

எனக்கு அந்த அதிபரின் மேசையும் பேனாவும் ஞாபகம் வந்தன. மகன் கத்தினான்: "விடுகை குடுத்த அந்த சாருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்த சொன்னா வாயா கழண்டு போகும்?" பிள்ளையும் அழுதுகொண்டே தலையாட்டினாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்துகொண்டே இருந்தேன்.

வேறு ஒரு படிப்புக்கு, எங்கோ தூரத்தில், இடம் வந்தது. வேண்டாம் என்றுவிட்டாள். ஏ எல் பரீட்சையை மூன்று தரம் எழுதலாம். இரண்டாவது தரம் எழுதப் போகிறாள். இந்தத் தரமும் அவளுக்குக் கண்டி மாவட்டம்தானாம். மறுபடி அதே புத்தகம், அதே விளக்கு. பார்க்க எனக்குக் களைப்பாக இருக்கிறது. அவளுக்கு எப்படி இருக்கும்?

போன கிழமை பக்கத்து வீட்டுக்காரி பீலியடியில் கேட்டாள்: "அக்கா, எங்க பிள்ளையயும் கண்டிக்கு அனுப்பலாம்னு இருக்கேன். ஒங்க தங்கச்சி மக ஊட்டுக்குப் பக்கத்துல இடம் பாத்துத் தருவீங்களா?" பெருமையாகத் தலையாட்டத்தான் கழுத்து போனது. "மொதல்ல டவுன் அதிபர்கிட்ட போய் மாவட்டத்தப் பத்திக் கேளு. வெளங்கலேன்னா வெளங்கலேன்னு சொல்லு" என்றேன். குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, பேத்தியைக் கொப்பி எடுக்கச் சொன்னேன்.

அதிபர் பேசியதை நான் சொன்ன இடத்தில் அவள் பேனா நின்றது.

"அப்பாயி, இது நெசமா?"

"நெசம்."

"அப்பா அந்த சார எவ்வளவு ஏசினாரு. நானும்..."

"அதுக்குத்தான் எழுதச் சொல்றேன்."

எழும்பிப் போனாள். கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பக் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லை. நேரம் சென்று வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்தது என்ன, சொல்லுங்க" என்றாள்.

மற்றதையும் ஒரு கிழமையாகச் சொல்லிச் சொல்லி எழுதியாயிற்று. இனி அடுத்தது இல்லை. நாளைக்கு மகன் வருவான். அவன் கையில் இதைக் கொடுக்க வேண்டும்.

வாசி பிள்ள. மொதல்ல இருந்து வாசி. சார் பேசின எடத்த மெதுவா வாசி, எனக்காக எதையும் கொறைச்சு எழுதினியான்னு பாக்கணும். சரியா இருந்தா கீழ நான் கையெழுத்து வைக்கிறேன்.