பெருவிரல் விழுகிற இடம்

சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறவரின் முகத்தைக் கதிர்காமு பார்ப்பதில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சில்லுகளின் சத்தத்தைக் கேட்பார். குறிகட்டுவானில், நயினாதீவுக்கு வள்ளம் ஏறும் துறைக்குச் சற்று முன்னே, தென்னங்கிடுகால் வேய்ந்த கொட்டில் ஒன்று இருக்கிறது. கோவிலுக்குப் போகிறவர்கள் சைக்கிள்களை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். காவல் கதிர்காமு. சைக்கிளை இடக்கையால் வாங்கி, இருக்கையின் கீழே வலது முழங்கையைக் கொடுத்துத் தூக்கி வரிசையில் சாத்துவார். வலக்கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டது.

"பின்சில்லு அழுகுது," என்பார். "வைச்சிட்டுப் போம். திரும்பி வரேக்கை அழாது."

சென்ற ஆனியில், அம்மன் கோவில் கொடியேற்றத்தன்று, இதை எழுதுபவனின் சைக்கிளுக்கும் அதே தீர்ப்புத்தான் கிடைத்தது. பின்னேரம் திரும்பி வந்தபோது சில்லு சத்தமின்றிச் சுற்றியது. சோளகக் காற்று கடலைக் கிளறி அடித்தது. அந்தக் காற்றில் மிதிக்க மனமில்லாமல் கொட்டிலில் ஒதுங்கியதில்தான் பழக்கம் தொடங்கியது. பட்டப்படிப்பு முடித்த பொடியன் தன்னைப் பற்றி எழுதப் போகிறான் என்று கேள்விப்பட்டபோது கதிர்காமு சந்தோசப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"எழுதிறதெண்டால் எழுதும். ஆனால் கையைப் பற்றி எழுதாதையும். கை போன கதை எல்லாருக்கும் தெரியும். ரின்னைப் பற்றி எழுதும்."

அவர் ரின் என்று சொன்னது எஞ்சினுக்கு எண்ணெய் விடும் தகர ரின்னை. ஆனால் கையை விட்டுவிட்டு அந்த ரின்னைப் பற்றிச் சொல்ல வழியில்லை.

சுருவில் என்ற ஊரில் ஆழ்வாப்பிள்ளையரின் மா மில்லில் கதிர்காமுதான் எஞ்சின்காரர். கலியாணம் கட்டுவதற்கு முன்பே சேர்ந்தவர். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய சில்லு. அதிலிருந்து ஒரு அகன்ற வார் ஓடி, நிலத்தோடு கிடக்கும் தண்டைச் சுழற்றும். தண்டின் பேரிங் ஒன்று வாருக்கு அந்தப் பக்கம், சுவரோடு இருந்தது. அதற்குத்தான் அடிக்கடி எண்ணெய் வேண்டும். எஞ்சினை நிறுத்தினால் திரும்பச் சுழற்றிக் கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். அரிசியும் பனங்கிழங்கு ஒடியலும் கொண்டு வந்து குந்தியிருக்கும் பெண்கள் வேறு முணுமுணுப்பார்கள். ஆகையால் அந்த மில்லில் எஞ்சின் ஓட ஓடத்தான் எண்ணெய் விடுவார்கள். இடக்கையால் கூரை தாங்கும் பனங்கப்பைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற வாருக்கு மேலால் சரிந்து, வலக்கையில் உள்ள ரின்னைக் கவிழ்த்து, அதன் அடித்தகட்டைப் பெருவிரலால் அமுக்க வேண்டும். டொக் என்று ஒரு சத்தம் கேட்கும், எண்ணெய் இறங்கும். கடையில் வாங்கிய ரின். மூக்கு ஒரு சாண்கூட இல்லை. மூக்கு எட்டாத தூரத்தைக் கை எட்டிக் கொடுத்தது.

இறக்குமதி நின்று உள்ளூர் மிளகாய்க்கு மவுசு வந்த வருடம் அது. மாசி மாதம். மில் நிறைய மிளகாய்த் தூள்; எல்லோருக்கும் கண்ணில் நீர். வாரின் பொருத்தில் இருந்த ஆணி, கதிர்காமுவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. அவர் கத்தியது தும்மல்களுக்குள் கேட்கவில்லை என்று அன்று மில்லில் இருந்தவர்கள் சொல்வார்கள்.

"எனக்கு நோகேல்லை," என்பார் கதிர்காமு. "ரின் நிலத்திலை விழுந்து உருண்ட சத்தம்தான் கேட்டது. அதைத்தான் முதல் தேடினனான்."

பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஆழ்வாப்பிள்ளையர் கதலிக் குலை ஒன்றோடு வந்து பார்த்தார். கொடுமைக்காரர் அல்ல. நேராகப் பேசுகிறவர்.

"கதிர்காமு, எஞ்சினைச் சுத்திக் கிளப்பிறதுக்கு ஆள் பிடிக்கலாம். எண்ணெய் விடுறதுதான் கரைச்சல். ஒரு கை பிடிக்கோணும், ஒரு கை விடோணும். ஒற்றைக் கையாலை விட்டுக் காட்டும், நாளைக்கே வாரும். ஏலாதெண்டால் நான் என்ன செய்ய?"

அதுவரைக்கும் வேலையைப் பார்க்கக் குலசிங்கம் என்ற இளைஞனை வைத்திருந்தார். ஆழ்வாப்பிள்ளையரின் மனைவி வழியில் சொந்தம். கதிர்காமு அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தார். ஒற்றைக் கையால் எண்ணெய் விட்டுக் காட்டினால் மில் திரும்பக் கிடைக்கும். அதற்கு வாருக்கு மேலால் சரியவே தேவையில்லாத ஒரு ரின் வேண்டும்.

மூக்கை நீட்டினால் போதும் என்றுதான் முதலில் எண்ணினார். பழைய கார் ஒன்றின் செப்புக் குழாயை வாங்கிப் பழைய ரின்னுக்கே பொருத்தினார். எண்ணெய் தூரம் போனது, ஆனால் நிற்கவில்லை. பெருவிரலை எடுத்த பிறகும் குழாய்க்குள் நின்ற எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. வாரில் எண்ணெய் பட்டால் வழுக்கும். வழுக்கினால் மில் நிற்கும். எண்ணெய் விடத் தெரிந்த ரின் கடையிலேயே கிடைக்கும். நிறுத்தத் தெரிந்த ரின்னைத்தான் காணவில்லை.

அவர் மனைவி சின்னத்தங்கம் விளக்குக்கு மண்ணெண்ணெய் எடுக்கப் பப்பாசி இலைக்காம்புக் குழல் ஒன்று வைத்திருந்தாள். குழலைப் போத்தலுக்குள் விட்டு மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்குவாள். ஒரு துளி சிந்தாது. விளக்குக்கு மேலே கொண்டுபோய் விரலை எடுத்தால் சர் என்று இறங்கும். தினமும் செய்கிற வேலை. ஒரு நாள் கதிர்காமு அவளைத் திரும்ப எடுக்கச் சொன்னார். பிறகும் எடுக்கச் சொன்னார்.

"என்ன, விசர் பிடிச்ச மாதிரிப் பார்க்கிறியள்?"

"உன்ரை விரலைப் பார்க்கிறன்."

ரின் அங்கிருந்து பிறந்தது. அமுக்குகிற தகடு வேண்டாம், சுருள் வேண்டாம். பால்மா ரின் ஒன்றின் வாயைக் காற்றுப் புகாமல் மூடினார். மூடிக்குச் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையம். முன்னால் கை நீளத்துக்கு வளைந்த செப்புக் குழாய். தோளில் ஒரேயொரு ஊசித்துளை. துளையைப் பெருவிரலால் மூடியிருந்தால், கவிழ்த்தாலும் எண்ணெய் அசையாது. பெருவிரலை உயர்த்தினால் இறங்கும். வைத்தால் நிற்கும்.

சொல்லச் சுகம். இடக்கையால் ஈயம் பற்றவைக்கப் பழகவே மாரி கழிந்தது. சின்னத்தங்கம் குறட்டால் ரின்னைப் பிடிப்பாள். அவர் சூட்டுக்கோலை வைப்பார். ஆறியதும் அவள் தண்ணீர்க் கோப்பைக்குள் அமிழ்த்தி, குழாயால் ஊதிப் பார்ப்பாள்.

"இஞ்சை ஒண்டு மூச்சு விடுது," என்பாள், குமிழி வருகிற இடத்தைக் காட்டி. திரும்ப அடுப்பு, திரும்ப ஈயம். எஞ்சின் சூட்டில் உள்ளே காற்று பெருத்தால் மூடியிருக்கும்போதே ஒரு துளி விழுந்துவிடும் என்று கண்டதும், ரின்னை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கைச்சூடு படாமலும் எண்ணெயில் வழுக்காமலும் இருக்க உடம்பு முழுக்கக் கயிறு சுற்றினார். துளையை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக நாள் போனது. கண்ணை மூடிக்கொண்டு ரின்னைப் பிடிப்பார். பெருவிரல் எங்கே விழுகிறதோ அங்கே கரியால் ஒரு புள்ளி. மறுநாளும் அதேபோல.

"தேடப்படாது," என்பார் அதைப் பற்றி. "வார் ஓடிக்கொண்டிருக்கேக்கை ஓட்டையைத் தேடினால் கண் அங்காலை போகும். கண் போனால் கை போகும். பெருவிரல் தானாய் விழுற இடத்திலை ஓட்டை இருக்கோணும்."

தைப்பொங்கல் கழிந்த கிழமை ரின்னோடு மில்லுக்குப் போனார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வாருக்கு இந்தப் பக்கம், நன்றாகத் தள்ளி, நேராக நின்றார். கப்பைப் பிடிக்கவில்லை. குழாய் வாருக்கு மேலால் போய்ப் பேரிங்கின் வாயில் நின்றது. பெருவிரலை உயர்த்தினார். பொன் நூல்போல எண்ணெய் இறங்கியது. வைத்தார். நின்றது. குழாயைத் திருப்பி எடுத்தபோது வாரில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

மாப்பெட்டியோடு இருந்த அன்னப்பிள்ளை என்ற கிழவி, "கதிர்காமு எண்ணெயே விட்டவன்? தீர்த்தமெல்லே குடுத்தவன்," என்றாள். மில்லே சிரித்தது. கதிர்காமுவும் சிரித்தார் என்று சொல்கிறார்கள்.

ஆழ்வாப்பிள்ளையர் ரின்னைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திறம்," என்றார். "திறமான சாமான்." பிறகு அதைக் குலசிங்கத்திடம் கொடுத்தார்.

குலசிங்கம் வலக்கையால் பிடித்தான். துளை இடக்கைக்கென்று வைத்தது; அவனுடைய பெருவிரலுக்கு எட்டாத மற்றப் பக்கத்தில் இருந்தது. மறுகையையும் கொண்டுபோனான், குழாய் ஆடியது, வாரில் எண்ணெய் சிதறியது.

"ஓட்டையை மற்றப் பக்கம் மாத்தி விடும் கதிர்காமு," என்றார் முதலாளி. "பொடியன்ரை கைக்கு வாய்ப்பாய்."

கதிர்காமுவுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப நான்?"

"இந்த ரின் இருந்தால் ஆரும் எண்ணெய் விடலாமே. அதுக்கெண்டு பிறகேன் இன்னொரு ஆள்?" அவர் குரலில் வஞ்சகம் இல்லை. யோசித்துப் பார்த்தால் கணக்கு அப்படித்தான் வருகிறது என்கிற மாதிரிச் சொன்னார். "ரின்னுக்கு என்ன வேணுமெண்டு சொல்லும். தாறன்."

கதிர்காமு ரின்னை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதை ஆணியில் கொழுவினார். மில்லில் நடந்ததைச் சின்னத்தங்கம் மற்றவர்களிடம் கேட்டு அறிந்துகொண்டாள்.

"உந்த ரின்னை அவைக்குக் குடுக்காதையுங்கோ. கிணத்துக்கை போட்டாலும் போடுங்கோ."

"அவன் கடை ரின்னாலைதான் விடுறான். சட்டைக் கையை மடிக்கிறேல்லை. கண்டனான்."

"அவன்ரை கை அவன்ரை பாடு. உங்கடை கைக்கு ஆர் அழுதது?"

மில் வீட்டுக்குக் கேட்கிற தூரத்தில்தான் இருந்தது. ஓடுகிற எஞ்சினின் சத்தம் சற்று வறண்டால் கதிர்காமுவுக்குத் தெரியும். இப்போது குலசிங்கம் எழும்புகிறான், இப்போது கப்பைப் பிடிக்கிறான், இப்போது சரிகிறான். சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும். சத்தம் திரும்ப எண்ணெய் குடித்து இளகிய பிறகுதான் அடுத்த கவளம். இப்படிச் சில நாள் பார்த்தாள் சின்னத்தங்கம்.

ஒரு முற்பகல் அவர் அடுப்பு மூட்டினார். அவள் குறட்டைத் தொடமாட்டேன் என்று குசினிக்குள் போய்விட்டாள். ரின்னை இரண்டு காலாலும் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, தான் அத்தனை நாள் தேடிக் கண்ட துளையில் ஈயத்தை விட்டு அடைத்தார். கயிற்றை அவிழ்த்து ரின்னை மறுபக்கம் திருப்பினார். கரித்துண்டை எடுத்தார். எடுத்தவர் அப்படியே இருந்தார். வலப்பெருவிரல் எங்கே விழும் என்று பார்ப்பதற்கு அவரிடம் வலக்கை இல்லை.

"இஞ்சேர்," என்று கூப்பிட்டார். "உன்ரை வலக்கையை ஒருக்காத் தா."

அவள் உடனே வரவில்லை. வந்தபோது சீலைத்தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எதிரே குந்தி, சொல்லாமலே கண்ணை மூடி, ரின்னைப் பிடித்தாள். பெருவிரல் விழுந்தது. அவர் புள்ளி வைத்தார். அவளுடைய கை சிறியது என்பதால் ஒரு நெல்லளவு தள்ளி இன்னொரு புள்ளி வைத்து, அதில் துளையிட்டார்.

பின்னேரம் மில்லுக்குப் போய் ரின்னை எண்ணெய்ப் பீப்பாவின் மேல் வைத்தார். "சட்டைக் கையை மடிச்சு விடு," என்று குலசிங்கத்திடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். முதலாளி தருவதாகச் சொன்னதைக் கேட்க நிற்கவில்லை.

அதே வருடம் இருவரும் சுருவிலை விட்டு, குறிகட்டுவான் துறை இருக்கிற புங்குடுதீவுக்கு, சின்னத்தங்கத்தின் பிறந்த ஊருக்கு வந்துவிட்டார்கள். அங்கே மில் சத்தம் கேட்காது. சைக்கிள் சில்லுகளுக்கு எண்ணெய் விடக் கொட்டிலில் அவர் வைத்திருப்பது கடையில் வாங்கிய சின்ன ரின். டொக், டொக் என்று அமுக்குகிற வகை. அந்த மில் ரின்னைப்போல இன்னொன்று செய்யலாமே என்று கேட்டால், "ஆருக்கு?" என்பார்.

இந்த வருடத் திருவிழாவுக்குக் குலசிங்கம் குடும்பத்தோடு வந்தான். சைக்கிளை நீட்டினான். கதிர்காமு அன்று சில்லின் சத்தத்தைக் கேட்கவில்லை.

"கையைக் காட்டு."

குலசிங்கம் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. "ரின் இப்பவும் சொட்டேல்லை, கதிர்காமண்ணை. முதலாளி ஊர்காவற்றுறை ஆக்களுக்கெல்லாம் காட்டுறவர்."

"ம்," என்று சொல்லிச் சைக்கிளை வாங்கிச் சாத்தினார்.

கதிர்காமு இப்போதும் குறிகட்டுவானில்தான் இருக்கிறார். முதல் வள்ளத்துக்கு முன்னே வருவார். கடைசி வள்ளம் வந்த பிறகு போவார். ஆட்கள் ஏறியபின் கொட்டிலின் வாசலில், கடலைப் பார்த்து, முழங்காலில் இடக்கையை வைத்துக்கொண்டு குந்தியிருப்பார். வள்ளத்தின் எஞ்சின் கிளம்பும்போது எங்கோ ஒரு இடம் எண்ணெய் இல்லாமல் கிறீச்சிடும். வள்ளக்காரருக்கு அது கேட்பதில்லை. முழங்காலில் கிடக்கும் பெருவிரல் மட்டும் மெல்ல உயரும். கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். பிறகு, போதும் என்கிற மாதிரி, திரும்ப இறங்கும்.