சங்கலாவின் ஏழாவது துளை

தானா பேரு கரையில் கப்பல் கட்டுகிறவர்கள் நூறு பேர் இருந்தாலும், சாய்ந்த துளை போட சங்கலாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆள் குட்டை, வாய் நீளம். டிரில்லோடுகூடப் பேசுவார்.

இரும்பு மாதிரி இறுகிய உலின் மரத்தில் நேராகத் துளை போடுவதே பெரும்பாடு. சாய்த்துப் போட்டால் டிரில் பிட் வழுக்கி ஓடும். அவர் முதலில் உளியால் சின்னக் குழி பறிப்பார். நிமிர்த்தித் தொடங்கி, பிட் கடித்ததும் மெல்லச் சாய்ப்பார். விரல் ஆழத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளை ஊதுவார். மறுபக்கம் துளையின் வாய் சிதறாமலிருக்க ஒரு பலகையை இறுக்கிக் கட்டியிருப்பார். ஆனால் சாய்வு எவ்வளவு என்பது துளைப்பவருக்குத் தெரியாது. பக்கவாட்டில் ஒருவன் அளவுக்கட்டையோடு நின்று, "ஏத்து", "எறக்கு" என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக அது நான்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. துளை கெட்டால் துளைத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்றவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்று காலை, பின்முனை மரத்தை அடிமரத்தோடு சேர்க்க ஏழு போல்ட். ஆறு துளைகள் கச்சிதம். ஏழாவதில், பலகை அறுப்பவர்கள் ஏதோ கிண்டல் செய்ய, நான் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மரம் பிளக்கும் சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன். பிட் நான்கு விரல் தள்ளி, ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. அப்படி ஒரு மரம் கடல் தாண்டிக் காலிமந்தானிலிருந்து வர மூன்று மாதமாகும்.

ஆப்பு வைத்து அடைத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"போல்ட் எதைடா பிடிச்சு நிக்கும்? கட்டிலா செய்யுறோம்?" என்றார்.

நேராகத் தலைமைத் தச்சர் தாயெங் மாத்துத்துவிடம் போனார். அளவுக்கட்டையோடு நானும் பின்னால் போனேன்.

"கை தவறிடுச்சு, தாயெங்."

மாத்துத்து அவர் முகத்தையே பார்த்தார். "கண்ணு சரியா இருக்கா?"

சங்கலா பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. கோழை நான், திறக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் காப்பிக்கடையில் அவருக்குக் கண் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒன்றுக்குப் பத்தாக ஊதுவதற்கு எங்களூரில் ஆளுக்கா பஞ்சம்? அதற்குப் பிறகு எந்தப் பட்டறையிலும் அவர் கையில் டிரில் தரவில்லை. இப்போது பலகை இடுக்கில் தண்ணீர் புகாமலிருக்க மரநார் திணிக்கிறார். அவருடைய டிரில் என்னிடம் வந்தது. ஒரு நாள்கூட அவர் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

நேற்று மீன் சந்தையில் அவர் மனைவி ஜும்ரியா என்னை நிறுத்தினாள்.

"ரப்பே தம்பி, நீங்க பக்கத்துலயே நின்னவரு. அவருக்கு நிஜமாவே கண்ணு தெரியலையா? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறாரு."

"கொஞ்ச நாளாவே அப்படித்தான் அண்ணி" என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்போ மக்காசர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி கண்ணு ஆபரேஷன் பண்ணிட வேண்டியதுதான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை.